ஓய்வூதியம் கடல் கடந்து வரும், பராமரிப்பு வருமா? அயல்நாட்டு முதுமை குறித்த ஓர் எளிய விளக்கம்

ஒரு நாட்டில் 65 வயதைக் கடந்தவர்கள் மொத்த மக்கள்தொகையில் 7 விழுக்காட்டை எட்டும்போது அது முதுமையை நோக்கிச் செல்லும் சமூகம் என்றும், 14 விழுக்காட்டை எட்டும்போது முதிய சமூகம் என்றும், 21 விழுக்காட்டைத் தாண்டும்போது மிகமுதிய சமூகம் என்றும் மக்கள்தொகை ஆய்வாளர்கள் வகைப்படுத்துகிறார்கள். இந்த எண்களைக் காட்டிலும், ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குச் செல்ல எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதுதான் கவனிக்கத்தக்கது. பிரான்சு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காட்டுக்குச் செல்ல ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. ஜப்பானோ 1970-இல் 7 விழுக்காட்டைத் தொட்டு 1994-இல் 14 விழுக்காட்டைத் தொட்டுவிட்டது. இன்று அங்கே பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் 65 வயதைக் கடந்தவர்கள்.

தமிழகத்தின் போக்கு பிரான்சைப் போன்றதன்று, ஜப்பானைப் போன்றது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, 2021-க்கு அரசு செய்த மதிப்பீட்டில் அது 13.6 விழுக்காடாக உயர்ந்து, கேரளத்துக்கு அடுத்த இடத்தில் நிற்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் தமிழ்நாட்டில் 1.8, புதுச்சேரியில் 1.5. மக்கள்தொகை குறையாமல் நிலைபெற இந்த எண் 2.1 ஆக இருக்க வேண்டும். பெற்றோர் இருவருக்கு ஒரு பிள்ளை அல்லது இரண்டு பிள்ளைகள், அவர்களில் ஒருவராவது வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பார் என்பதுதான் கடலூரிலும் புதுச்சேரியிலும் பல தெருக்களில் இன்றைய குடும்பக் கணக்கு.

இந்தச் சூழலில்தான் "ஓய்வுக்குப் பிறகு எந்த நாட்டில் வாழ்வது" என்ற கேள்வி எழுகிறது. இது இரண்டு திசைகளில் எழும் கேள்வி. வெளிநாட்டில் உழைத்தவர் சொந்த ஊருக்குத் திரும்புவது ஒன்று. இங்கே முதுமையடைந்த பெற்றோர் பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்குச் செல்வது மற்றொன்று. இரண்டிலும் மக்கள் முதலில் கேட்பது செலவைப் பற்றியும் விசாவைப் பற்றியும்தான். ஆனால் புரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கருத்து வேறொன்று. ஒருவருக்குக் கிடைக்கும் உரிமைகளில் எவை அவருடன் நாடு விட்டு நாடு வரும், எவை அந்த நாட்டு மண்ணிலேயே தங்கிவிடும் என்பதே அது. பெரும்பாலான நாடுகளில் ஓய்வூதியம் உடன் வரும். பராமரிப்புக்கான உதவி உடன் வராது. இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொண்டால் மற்ற முடிவுகள் பலவற்றை எளிதாக எடுக்கலாம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதன் முதல் பாதி நன்றாகவே தெரியும். 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சுப் பகுதிகளின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28-இல் கையெழுத்தான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் அதை எழுத்து மூலம் தெரிவிக்கும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. அப்படித் தெரிவித்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பிரெஞ்சு ராணுவத்திலும் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணியாற்றினார்கள். ஊரார் 'சொல்தா' என்று அழைக்கும் அந்த முன்னாள் சிப்பாய்களில் பலர் பணி முடிந்து இங்கேயே வந்து வீடு கட்டிக்கொண்டார்கள். யூரோவில் வரும் ஓய்வூதியம் இங்கே ரூபாயாக மாறும்போது, பாரிசுப் புறநகரில் ஒரு சிறிய அடுக்ககத்துக்கு வாடகை கொடுக்கவே திணறும் தொகை, முத்தியால்பேட்டையிலோ லாஸ்பேட்டையிலோ ஒரு குடும்பத்தையே தாங்கும் தொகையாகிறது. ஓய்வுக்காலத்தை அயல்நாட்டில் கழிப்பது என்று உலகம் இன்று பேசும் வழக்கத்தை இந்த ஊர் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்து பார்த்திருக்கிறது.

பிரெஞ்சு ஏற்பாட்டையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு எது உடன் வரும், எது வராது என்று பார்க்கலாம். வேலை செய்து, சந்தா செலுத்தி ஈட்டிய ஓய்வூதியம் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் கிடைக்கும். கணவர் இறந்தால் மனைவிக்குக் கிடைக்கும் பங்கு ஓய்வூதியமும் அப்படியே. அது ராணுவம் உள்ளிட்ட அரசுப் பணிகளில் 50 விழுக்காடு, தனியார் துறையின் அடிப்படை ஓய்வூதியத்தில் நிபந்தனைகளுக்கு உட்பட்டு 54 விழுக்காடு. ஆனால் இந்தப் பங்கு முறையான திருமணத்துக்கு மட்டுமே உரியது. ஆகவே கோயிலிலோ தேவாலயத்திலோ நடந்த திருமணம் பிரெஞ்சுக் குடியியல் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்பதைக் கணவர் உயிரோடு இருக்கும்போதே சரிபார்த்துக்கொள்வது, அந்தப் பெண்மணியின் பிற்கால வாழ்வுக்கே காப்பு. பெயரின் எழுத்துகள் பிரெஞ்சு ஆவணத்தில் ஒரு விதமாகவும் ஆதாரில் வேறு விதமாகவும் இருப்பது இந்த ஊரில் மிகச் சாதாரணம். அதையும் காலத்தோடு திருத்திவைப்பது நல்லது.

உடன் வராதவை வேறு வகையைச் சேர்ந்தவை. ஓய்வூதியம் மிகக் குறைவாக உள்ள முதியவர்களுக்கு பிரெஞ்சு அரசு ஒரு குறைந்தபட்ச அளவு வரை தொகையை நிரப்பித் தருகிறது. அதைப் பெற ஆண்டில் ஒன்பது மாதத்துக்கு மேல் பிரான்சிலேயே வசிக்க வேண்டும் என்பது 2023 செப்டம்பர் முதல் விதி. தனியாக இயங்க முடியாத முதியவர்களுக்கு ஆள் வைத்துக்கொள்ள 2002 முதல் வழங்கப்படும் உதவித்தொகையும் பிரான்சில் நிலையாக வசிப்பவர்களுக்கே உரியது. புதுச்சேரியில் படுக்கையில் கிடக்கும் பிரெஞ்சுக் குடிமகனுக்கு அது கிடையாது. வறுமையில் வாடும் முதிய பிரெஞ்சுக் குடிமக்களுக்குத் துணைத் தூதரகத்தின் வழியாக ஓர் உதவித்தொகை உண்டு என்றாலும், அது தனி ஏற்பாடு. தூதரகக் குழு ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து வழங்குவது. மருத்துவத்தில் நிலைமை இரண்டும்கெட்டானாக இருக்கிறது. பொதுவாக, குறைந்தது 15 ஆண்டுகள் பிரெஞ்சுக் காப்பீட்டில் இருந்த ஓய்வூதியர் பிரான்சுக்குத் தற்காலிகமாகச் செல்லும்போது அங்கே சிகிச்சை பெறலாம். இங்கே மருத்துவமனையில் ஆகும் செலவை அந்தக் காப்பீடு ஏற்காது. வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர்களுக்கான காப்பீட்டு நிதியத்தில் தனியாகச் சந்தா கட்டினால்தான் அதற்கு வழி பிறக்கும்.

உடன் வருவதையும் வராததையும் பிரிக்கும் இந்தக் கோடு பிற நாடுகளிலும் உண்டு; ஒவ்வொரு நாடும் அதை ஒவ்வோர் இடத்தில் போட்டிருக்கிறது. பிரிட்டன் தன் அரசு ஓய்வூதியத்தை இந்தியாவில் வாழ்பவருக்கும் அனுப்பும், ஆனால் ஆண்டுதோறும் தரும் உயர்வை அவருக்குத் தராது. ஓய்வு பெற்று இந்தியாவில் குடியேறிய நாளில் என்ன தொகையோ, இருபது ஆண்டு கழித்தும் அதே தொகைதான். அதே மனிதர் பிலிப்பீன்சில் குடியேறியிருந்தால் உயர்வும் சேர்ந்து கிடைக்கும். அமெரிக்க முதியோர் மருத்துவக் காப்பீடு, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அமெரிக்காவுக்கு வெளியே பெறும் சிகிச்சைக்குப் பணம் தருவதில்லை. ஆகவே "அங்கே எனக்குக் காப்பீடு இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், "இங்கே அது செல்லுமா" என்பதே அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும்.

உடன் வரும் ஓய்வூதியத்துக்கும் ஆண்டுதோறும் ஒரு நிபந்தனை உண்டு: பெறுபவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று. இந்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் மாதத்தில் வாழ்வுச் சான்று கொடுப்பதையும், 2014 முதல் 'ஜீவன் பிரமாண்' வழியாக அதை மின்னணு முறையில் செய்வதையும் நாம் அறிவோம். வெளிநாட்டு ஓய்வூதியங்களுக்கும் இதே தேவை உண்டு. சான்று உரிய நாளில் போய்ச் சேரவில்லையென்றால் பணம் நின்றுவிடும். நடக்க முடியாத, எழுத்துப் புரியாத, நினைவு தடுமாறும் ஒருவரால் இதைத் தனியாகச் செய்ய இயலாது. ஓய்வூதியம் வருவதற்கே பராமரிப்பவர் ஒருவர் தேவைப்படும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

கடலூர் மாவட்டத்திலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற தொழிலாளர்களின் நிலை இதிலிருந்து முற்றிலும் வேறு. எனக்கு மிகுந்த கவலை தருவதும் அதுதான். வளைகுடா நாடுகளில் அயல்நாட்டுத் தொழிலாளிக்கு மாத ஓய்வூதியம் கிடையாது; வேலை முடியும்போது ஒரு பணிக்கொடை கிடைக்கும், அவ்வளவே. சிங்கப்பூரின் மத்திய சேமநிதி குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியது. வேலை அனுமதிச் சீட்டில் கட்டுமானப் பணியிலோ கப்பல் பட்டறையிலோ உழைப்பவருக்கு அதில் கணக்கே இல்லை. இருபது ஆண்டுகள் உழைத்துத் திரும்பும் ஒருவரிடம் வீடு இருக்கலாம், மகளுக்குச் செய்த திருமணம் இருக்கலாம், மாதந்தோறும் வரும் வருமானம் இருக்காது. வெளிநாட்டில் இருக்கும் ஆண்டுகளிலேயே தன் பெயரில் ஓர் ஓய்வூதியக் கணக்கைத் தொடங்கிச் சிறு தொகையாவது போட்டுவருவதை ஒவ்வொரு தொழிலாளியிடமும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும்.

இதற்கு மாறாக, அரசுகள் தமக்குள் செய்துகொள்ளும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு. இரண்டு நாடுகளில் வேலை செய்த ஒருவரின் சந்தா ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுத் தகுதியை முடிவு செய்யவும், ஓய்வூதியத்தை மற்ற நாட்டுக்கு அனுப்பவும் அது வழி செய்கிறது. பிரான்சுடன் இந்தியா செய்த ஒப்பந்தம் 2011 ஜூலை 1 முதலும், ஜப்பானுடன் செய்தது 2016 அக்டோபர் 1 முதலும் நடைமுறையில் உள்ளன. நம் தொழிலாளர்கள் மிகுதியாக உள்ள வளைகுடா நாடுகளுடன் இத்தகைய ஏற்பாடு இல்லை.

இனி மறுதிசை. பிள்ளைகள் இருக்கும் நாட்டுக்குப் பெற்றோர் செல்வது பார்ப்பதற்கு இயல்பான தீர்வாகத் தோன்றினாலும், பெரும்பாலான நாடுகள் முதிய பெற்றோரைச் செலவாகவே கணக்கிடுகின்றன. கனடா 2011 இறுதியில் பெற்றோருக்கென ஒரு சிறப்பு விசாவைக் கொண்டுவந்தது. 2022 முதல் ஒரு முறை சென்றால் ஐந்து ஆண்டுகள் வரை தங்கலாம், ஆனால் குறைந்தது 1 லட்சம் கனடிய டாலருக்கான தனியார் மருத்துவக் காப்பீடு வேண்டும். அமெரிக்காவில் நிரந்தரவாசி அட்டை பெற்றுச் செல்லும் பெற்றோர், 65 வயதானாலும், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே அரசின் முதியோர் காப்பீட்டைச் சந்தா கட்டி வாங்க முடியும். பிரிட்டன் 2012-இல் விதிகளை இறுக்கிய பிறகு, அன்றாடத் தேவைகளுக்கே பிறர் உதவி வேண்டிய நிலையில் இருப்பதையும், அந்த உதவி சொந்த நாட்டில் கிடைக்காது என்பதையும் மெய்ப்பித்தால்தான் வழி திறக்கும். நடமாடும் நிலையில் சென்றால் விசா இல்லை, நடமாட முடியாதபோது பயணமே இயலாது என்னும் இந்த நிலை மிகவும் கொடுமையானது.

பிறந்த ஊரும் அல்லாமல் பிள்ளைகள் ஊரும் அல்லாமல் மூன்றாவது நாட்டில் ஓய்வுக்காலத்தைக் கழிப்பதும் உண்டு. தாய்லாந்து 50 வயதைக் கடந்தவர்களுக்கு, வங்கியில் 8 லட்சம் பாட் வைப்போ மாதம் 65,000 பாட் வருமானமோ இருந்தால், ஓய்வுக்கால அனுமதி தருகிறது. மலேசியா 2002 முதல் இத்தகைய திட்டம் நடத்துகிறது. ஜப்பானிய அரசு 1986-இல் தன் ஓய்வூதியர்களுக்கு வெளிநாடுகளில் குடியிருப்புகள் அமைக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தபோது, ஜப்பான் இப்போது முதியவர்களையும் ஏற்றுமதி செய்கிறது என்று எழுந்த கண்டனத்தால் அதன் வடிவத்தையே மாற்ற நேர்ந்தது. அதன் பிறகு அங்கே சிந்தனை வேறு பக்கம் திரும்பி, 2000 ஏப்ரலில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு தொடங்கப்பட்டது. 40 வயதைத் தொட்ட ஒவ்வொருவரும் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். முதுமையில் எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட்டு, அதற்கேற்ப ஆளும் பகல்நேரக் காப்பகமும் ஏற்பாடு செய்யப்படும். ஜெர்மனி இதை 1995-இலேயே செய்தது. இந்தியாவில் இப்படி ஒரு பொதுக் காப்பீடு இல்லை. 70 வயதைக் கடந்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் மருத்துவமனைச் செலவுக்கானது. வீட்டில் ஆள் வைத்துப் பார்த்துக்கொள்வதற்கு அது பயன்படாது.

மருத்துவமும் பராமரிப்பும் ஒன்றல்ல என்பதை இங்கே விளக்கியாக வேண்டும். குளித்தல், உடுத்தல், கழிப்பறைக்குச் செல்லுதல், படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலியில் அமர்தல், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்துதல், தானே உண்ணுதல் ஆகிய ஆறையும் எவ்வளவு தூரம் ஒருவரால் தனியாகச் செய்ய முடிகிறது என்பதை வைத்தே பராமரிப்புத் தேவையை உலகெங்கும் அளக்கிறார்கள். கோரிமேட்டில் ஜிப்மரும், கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசுத் தலைமை மருத்துவமனையும் இருப்பதால் மருத்துவத்துக்கு வழி உண்டு. தமிழ்நாட்டுப் பகுதியில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்வதை எந்த மருத்துவமனையும் செய்யாது. அதைச் செய்வது மனைவி, மருமகள், மகள், அல்லது சம்பளத்துக்கு வரும் ஆயாம்மா. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்டுப் பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் போனபோது, மாடியில் தனியாக இருந்த முதியவர்களுக்குக் குடிநீர் ஏற்றிக் கொடுத்தவர்கள் அக்கம்பக்கத்தார்தான். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் அந்த நாட்களில் ஒரு குடம் தண்ணீரை மேலே கொண்டுவந்திருக்காது.

இந்தப் பராமரிப்புப் பணியைச் செய்வோரும் இப்போது நாடு கடக்கிறார்கள். ஜப்பான் 2019-இல் தொடங்கிய 'குறிப்பிட்ட திறன்' என்னும் வேலை விசாவில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. அதற்கான உடன்பாட்டில் இந்தியா 2021-இல் கையெழுத்திட்டது. நம் ஊர் செவிலியர் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் பிறர் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளச் செல்லும்போது, அவர்களுடைய பெற்றோரை யார் பார்ப்பது என்ற கேள்வி இங்கே நிற்கிறது. வாய்ப்பைத் தேடிச் செல்லும் பெண்களைக் குறை சொல்வதற்கில்லை. இங்கே இதே வேலைக்கு நாம் தரும் கூலியும் மதிப்பும் எவ்வளவு என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

திரும்பி வருபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று தங்கும் உரிமை. இந்தியாவில் ஓய்வூதியர்களுக்கென்று தனி விசா கிடையாது. வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்) அட்டையோடு காலவரையின்றித் தங்கலாம். 1947 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு இந்தியாவோடு இணைந்த பகுதியைச் சேர்ந்தவர்களும் அவர்களின் வழிவந்தவர்களும் இதற்குத் தகுதியுடையவர்கள் என்பதால் புதுச்சேரியும் இதில் அடங்கும். வாக்குரிமை இல்லை, வேளாண் நிலம் வாங்க முடியாது. அயல்நாட்டு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு இந்த அட்டை வழங்கப்படுவதில்லை என்பது பொதுவிதி. அவர்கள் விசாவையும் வெளிநாட்டவர் பதிவையும் காலந்தவறாமல் புதுப்பித்து வர வேண்டும்.

சொத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "கடைசி வரை பார்த்துக்கொள்வான்" என்ற நம்பிக்கையில் வீட்டைப் பிள்ளைக்கோ உறவினருக்கோ எழுதிக்கொடுத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் உண்டு. 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் செல்லாததாக்கக் கோர இடம் தருகிறது. அந்த நிபந்தனையைத் தானப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதிவைப்பதுதான் பாதுகாப்பு. உதவி தேவைப்படும் முதியவர்கள் 14567 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் பலரும், பெற்றோரின் சார்பில் செயல்பட அவர்களிடம் ஒரு பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று நம்புகிறார்கள். அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடும். அதாவது, தந்தைக்கு மறதி நோய் முற்றி, அந்தப் பத்திரம் மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது செல்லாமல் போகிறது. பிரான்சில், பின்னாளில் முடிவெடுக்கும் திறன் போனால் யார் பொறுப்பேற்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் ஏற்பாடு 2009 முதல் உண்டு. இந்தியாவில் அதற்கு நிகரான பொதுச் சட்டம் இல்லாததால், வங்கிக் கணக்குகளைக் கூட்டுக் கணக்காக்குவதும், நியமனதாரரைக் குறிப்பிடுவதும், உயில் எழுதுவதும் நினைவு தெளிவாக இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும். இவற்றுக்கும் இயலாத நிலையில் குடும்பத்தார் பாதுகாவலர் நியமனத்துக்காக நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும்.

மருத்துவ முடிவுகளுக்கு மட்டும் நம்மிடம் ஒரு வழி திறந்திருக்கிறது. மீளும் வாய்ப்பில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகளைத் தொடர வேண்டுமா என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெசட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். நம் சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர்களின் பெயரை அதில் எழுதலாம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், அந்தப் பெயர்களில் ஒன்றாவது ஒரு மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேரக்கூடியவரின் பெயராக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். எழுதிய பத்திரத்தின் நகல் குடும்ப மருத்துவரிடமும், நகராட்சியிலோ ஊராட்சியிலோ அதற்கென உள்ள அலுவலரிடமும் சேர வேண்டும்.